லாபம், ஒண்ணு, ரெண்டு

போன வாரம் என் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கென்று ஒரு தாள் வந்தது. வீட்டிலேயே விளையாட்டாகக் கணக்குப் பழக்குவது எப்படி என்று அதில் அச்சடித்திருந்தார்கள். இட்லித் தட்டில் குழிகளை எண்ணச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறும்போது இரண்டிரண்டாக எண்ணச் சொல்லுங்கள், சரியாகச் சொன்னால் சின்னதாக ஒரு பரிசு கொடுங்கள். என் மருமகள் அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது. பட்டபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல விஷயம்தானே அத்தை, ஏன் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிடுதீங்க?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் அறுபது வருஷத்துக்கு முந்தைய நெல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு அடுப்பில் பால் இருந்தது.

வீட்டில் விளையாட்டாகக் கணக்குப் பழக்குகிற இந்த யோசனை எங்கள் அப்பாவுக்கு அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. நயா பைசா வந்த புதிது. தென்காசியில் எங்கள் வீட்டுக்குச் சிற்றாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. அப்பா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தான் படிக்காத மிச்சத்தை மகன் படித்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு மகன் என்று ஒருவன் இருந்த மாதிரி மகள் என்று ஒருத்தியும் இருந்தாள், அவள் நான்தான், அது அவருக்கு ஞாபகம் இல்லை என்பதுதான் என் குறை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளி முடிந்ததும் அப்பா கூடத்தில் உட்காருவார். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு நிறையப் புளியங்கொட்டை இருக்கும். கைநிறைய அள்ளி மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று அண்ணனிடம் கேட்பார். அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லுவான். அப்பா கொட்டைகளைத் தரையில் வீசுவார். எத்தனை இருக்கிறது, மூன்று பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு எத்தனை, மிச்சம் எத்தனை என்று கேள்வி மேல் கேள்வியாகப் போகும். சரியாகச் சொன்னால் தகர டப்பாவைத் திறந்து ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுப்பார். அந்த டப்பா மூடி திறக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். இன்றைக்கும் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் என் வாயில் எச்சில் ஊறுகிறது, கூடவே கோபமும் வருகிறது.

அந்த விளையாட்டில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. சிதறிய கொட்டைகளைப் பொறுக்கிச் செம்பில் போடுவது. பொறுக்குகிற கை சும்மா பொறுக்குமா? எண்ணிக்கொண்டே பொறுக்கும். அண்ணன் விரலை மடக்கி முழிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்திருக்க எனக்குத் தெரியாது. "பதினேழு, ஆளுக்கு அஞ்சு, மிச்சம் ரெண்டு" என்று முணுமுணுப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் அதை அப்படியே வாங்கி உரக்கச் சொல்லுவான். டொக். கற்கண்டு அவன் வாய்க்குள் போகும். நான் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். இது ஒரு தடவை இரண்டு தடவை நடந்த கதை இல்லை, வருஷக்கணக்கில் சனிக்கிழமை தவறாமல் நடந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அப்பாவிடமே கேட்டேன். "நான்தானே சொன்னேன், எனக்கு ஏன் இல்ல?"

"உங்கிட்ட யாருட்டி கேட்டா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வருத. போ, அம்மை கூப்பிடுதா பாரு" என்றார் அப்பா. அம்மா கூப்பிடவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக ஒரு வண்டிக்காரர் இருந்தார். சொந்த மாடு, சொந்த வண்டி. களத்திலிருந்து நெல் கொண்டுவருவது, பாவூர்சத்திரத்துக்குச் சரக்கு கொண்டுபோவது, குற்றாலத்தில் சாரல் விழுகிற காலத்தில் எங்களை அருவிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். அவர் அதிகம் பேச மாட்டார். மாட்டிடம் பேசுகிற அளவுக்குக்கூட மனிதரிடம் பேச மாட்டார்.

அண்ணன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஆடி மாதம், குற்றாலத்துக்குப் போனோம். தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். வழியில் கணக்கு விளையாட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. வண்டிச் சக்கரம் ஒரு பர்லாங்குக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணச் சொன்னார். சுற்று எப்படித் தெரியும்? அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். அவருடைய சிவப்புத் துண்டின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதைக் கிழித்துச் சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் கட்டினார். துணி மேலே வரும்போதெல்லாம் ஒரு சுற்று. அண்ணன் வண்டியின் பின்பக்கம் தலையை நீட்டிக்கொண்டு எண்ணினான். ஒரு பர்லாங்கு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நாற்பத்திரண்டு சுற்று வந்தது.

"சரி, ஒரு மைலுக்கு எட்டு பர்லாங்கு. குத்தாலம் போய்ச் சேர சக்கரம் எத்தனை சுத்து சுத்தும்?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் மேலே பார்த்தான். மேலே வண்டிக் கூண்டுதான் இருந்தது. எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. மூன்று மைலுக்கு இருபத்துநாலு பர்லாங்கு. நாற்பத்திரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் ஆயிரத்து ஐம்பது. அதில் ஒரு நாற்பத்திரண்டைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

"ஆயிரத்தெட்டு" என்றேன்.

"ஆயிரத்தெட்டு" என்றான் அண்ணன்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சாமிக்கு அர்ச்சனை பண்ணுத மாதிரி ஆயிரத்தெட்டு. பாத்தியாட்டி, எம் புள்ள சொன்னத" என்று அம்மாவிடம் சொல்லி, மடியிலிருந்து டப்பாவை எடுத்தார். குற்றாலத்துக்குக்கூட அந்த டப்பா வந்திருந்தது.

அப்போது அண்ணாச்சி திரும்பாமலே சொன்னார். "பாப்பால்லா மொதல்ல சொல்லிச்சு."

அப்பா டப்பாவைத் திறந்தார். டொக். "நீ மாட்டப் பாத்து ஓட்டு" என்றார். அண்ணாச்சி மாட்டைப் பார்த்து ஓட்டினார். அவர் கட்டின சிவப்புத் துணி அருவிக்கரை வரைக்கும் சுற்றிக்கொண்டே வந்தது. அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து என் பக்கம் ஒரு வார்த்தை பேசின முதல் ஆள் அவர். அதை நான் மறக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மறக்கவும் இல்லை, அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த வருஷம் கார்ப் பருவத்து அறுப்பு புரட்டாசியில் முடிந்தது. களத்தில் அளந்தபோது இருபத்திரண்டு கோட்டை நெல் கண்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மரக்கால் என்பது நெல் அளக்கிற பாத்திரம், இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. களத்தில் அளந்தது அண்ணாச்சிதான். அளக்கிறவரே வாய்விட்டு எண்ணுவார், அதுதான் வழக்கம். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு மூட்டைகளை அண்ணாச்சி மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்த நெல்லை வீட்டில் மறுபடியும் அளந்துதான் நெல்லறைக்குள் கொட்ட வேண்டும், அது எங்கள் அப்பாவின் சட்டம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாமே இருக்கிறது. நெல் அளக்கும்போது யாரும் 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள். அடுத்ததற்கு 'ரெண்டு', அதற்கடுத்ததற்கு 'மூணு'. ஒன்றுக்குப் பதிலாகத்தான் லாபம். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, கேட்டுக் கேட்டு வருவது. அம்மா அரிசி அளக்கும்போதும் 'லாபம், ரெண்டு' என்றுதான் அளந்து போடுவாள். நான் அடுக்களையில் வளர்ந்தவள், எனக்குத் தெரியும். அண்ணன் அடுக்களைக்குள் வந்ததெல்லாம் சாப்பிடத்தான். களத்துக்கு அவன் போனதே இல்லை, வெயிலில் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா அனுப்ப மாட்டார்.

நெல் வந்து இறங்கின அன்று எதிர் வீட்டுப் பெரியவர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மகனைக் காட்ட அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஏலே, இன்னைக்கு நீ எண்ணு. இதுவும் கணக்கு விளையாட்டுதான். ஒரு கோட்டை முடிஞ்சதும் சத்தமாச் சொல்லு, நான் இங்கன ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கேன். கடைசில மொத்தம் எத்தனை மரக்கால்னு பெருக்கிச் சொல்லணும். சரியாச் சொன்னா டப்பாவே உனக்குத்தான்" என்றார்.

பிறகு அண்ணாச்சியிடம் சொன்னார். "நீ வாய மூடிக்கிட்டு அள. பய எண்ணட்டும்."

அளக்கிற இடத்தில் எண்ணுகிறவரைத் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. பேசினால் நெல்லின் பொலி, அந்தப் பெருக்கம், போய்விடும் என்பார்கள். அம்மா கிணற்றடியில் இருந்தாள். நான் நெல்லறைக்கு எதிரே அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவும் பெரியவரும் கூடத்தில், கொஞ்சம் தள்ளி. அண்ணன் நெல்லறை வாசலில் நின்றான். அண்ணாச்சி முதல் மரக்காலை நிரப்பிக் கவிழ்த்தார்.

"லாபம்" என்றான் அண்ணன் கணீரென்று.

கூடத்தில் அப்பா பெரியவரைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. அண்ணாச்சி இரண்டாவது மரக்காலை எடுத்தார்.

"ஒண்ணு" என்றான் அண்ணன்.

மடையன், லாபம் என்பதை ஏதோ சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டான். அண்ணாச்சி கையில் மரக்கால் ஒரு நொடி அப்படியே நின்றது. நெல் கூடுதலாகக் குவிந்துவிட்டது போல, தலைதட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு கவிழ்த்தார். ரெண்டு, மூணு, நாலு என்று அண்ணன் போய்க்கொண்டே இருந்தான். என் வாய் என்னைக் கேட்காமலே சரியான எண்ணை எண்ணிக்கொண்டு வந்தது. அவன் "இருபத்தொண்ணு, கோட்டை" என்று கத்தினபோது என் கணக்கில் இருபத்திரண்டு. கூடத்தில் அப்பா செம்பிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வைத்தார். முதலில் சொன்ன லாபமும் கடைசி எண்ணும் மட்டும்தான் அவர் காதுக்குப் போயின, நடுவில் எல்லாம் பெரியவரிடம் மகனின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மாட்டினான் என்று நினைத்தேன். இரண்டாவது கோட்டையிலும் அதே லாபம், ஒண்ணு. மூன்றாவதிலும் அதே. கோட்டைக்கு ஒரு மரக்கால் கூடுதலாக விழுகிறது, இப்படியே போனால் கடைசியில் எத்தனை குறையும் என்று போட்டுப் பார்த்தேன். களத்தில் இருபத்திரண்டு கோட்டை, கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். இங்கே கோட்டைக்கு இருபத்திரண்டு மரக்கால், அப்படியானால் இருபத்தொரு கோட்டைதான் வரும். சரியாக ஒரு கோட்டை குறையும், ஒரு மரக்கால்கூட முன்னே பின்னே இருக்காது. அவ்வளவு அழகாக ஒரு கணக்கு எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் முன்னாலேயே அப்பா மகனின் காதைத் திருகப்போகிறார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அளந்து முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அத்தனை நேரமும் காத்திருந்தேன்.

அப்பா கொட்டைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்று.

நான் நினைத்தது நடக்கவில்லை. அப்பா அண்ணனின் பக்கம் திரும்பவே இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்தார்.

"ஒரு கோட்டை எங்கலே?" என்று கேட்டார்.

அதுவரைக்கும் அப்பா அவரை 'லே' போட்டு நான் கேட்டதில்லை. அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"களத்துல அளந்தத அப்படியே கொண்டாந்து இங்கன கொட்டிருக்கேன். எங்கிட்ட ஒரு மணி நெல்லு கெடையாது."

"களத்துல இருபத்திரண்டு. இங்கன இருபத்தொண்ணு. நடுவுல நீதான வந்த?"

அண்ணாச்சி அண்ணனைப் பார்த்தார்.

"அப்போ எம் மவனுக்கு எண்ணத் தெரியலங்கியா?"

"நான் லாபம்னு ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன்" என்றான் அண்ணன்.

"ஆமா, எங் காதுலயும் விழுந்துச்சு. லாபம்னுதான் ஆரம்பிச்சான்" என்று எதிர் வீட்டுப் பெரியவர் சாட்சி சொன்னார். என்ன அருமையான சாட்சி. முதல் எண்ணைக் கேட்டேன், கடைசி எண்ணைக் கேட்டேன், ஆகையால் ஒரு மனிதன் திருடன் என்று சொல்லுகிற சாட்சி. அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

நான் பேசவில்லை. இதை எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்து என்னை உள்ளே இழுத்தாள் என்பேன். அப்பா அப்போது இருந்த இருப்பில் கிட்டே போனால் அறை விழும் என்பேன். இழுத்தது உண்மை, அப்பாவின் கோபமும் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கோட்டை அளக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. அப்பா முதலில் அண்ணனைக் கேட்பார், அவன் முழிப்பான், அதற்குப் பிறகு பேசலாம் என்று நின்றேன். கேட்கவேயில்லை. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பூட்டி, கூலி வாங்காமல் போனார்.

மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. களத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கோட்டையை முழுங்கினவன் என்று அம்மன் சன்னதித் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் செம்பை எடுத்துக்கொண்டு அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். "நெல்லு எண்ணின மாதிரி இதை எண்ணு" என்று ஒவ்வொரு கொட்டையாக வைத்தேன். லாபம், ஒண்ணு, ரெண்டு என்று இருபத்தொன்று வரை வந்து நிறுத்தினான். "இப்ப சாதாரணமா எண்ணு" என்றேன். எண்ணினான். இருபத்திரண்டு வந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதட்டி" என்று கையைப் பிடித்தான். கையை உதறிவிட்டு நேரே அப்பாவிடம் போய், கொட்டைகளை அவர் முன்னால் பரப்பி, அவன் எண்ணின மாதிரியே எண்ணிக் காட்டினேன்.

அப்பா கணக்கு தெரியாதவர் இல்லை. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தரையில் கிடந்த கொட்டைகளை அவரே பொறுக்கிச் செம்பில் போட்டார். சரி, இப்போதே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போகப் போகிறார் என்று நான் செருப்பை எடுத்து வைக்கக்கூடத் தயாராக இருந்தேன்.

"இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அண்ணாச்சி திருடலப்பா."

"திருடலங்கது சரி. நாலு பேரு முன்னால ஒண்ணச் சொல்லிட்டு, இப்ப போய் எம் மவனுக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லச் சொல்லுதியா? அவனுக்கு வேற வண்டி வேலையா கெடைக்காது?"

சொல்லிவிட்டு டப்பாவை எடுத்தார். டொக். "நல்லாத்தான் கணக்குப் போடுத" என்று ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு பனங்கற்கண்டை என் உள்ளங்கையில் வைத்தார். அத்தனை சனிக்கிழமைகளில் கிடைக்காதது அன்றைக்குக் கிடைத்தது. வீசி எறிந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். தின்றேன். கரைந்து தீர்கிறவரைக்கும் நாக்கில் வைத்திருந்து தின்றேன்.

அண்ணாச்சிக்கு வேறு வண்டி வேலை கிடைக்கவில்லை. நெல்லை நம்பி ஏற்ற ஆளில்லை. நெல்லுக்கு நம்பாதவரை மற்ற சரக்குக்கு மட்டும் யார் நம்புவார்கள்? தை மாதத்துக்குள் மாட்டை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை விளையாட்டு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடுத்த அறுப்பிலும் அண்ணன்தான் எண்ணினான், இந்தத் தடவை சரியாக எண்ணினான். அதற்கும் அவனுக்குப் பரிசு.

அந்த அறுப்பு முடிந்து அடுத்த ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலம் போனோம், இப்போது பஸ்ஸில். எல்லாரும் பேரருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஈரம் துவட்டிக்கொண்டு கடைப் பக்கம் வந்தேன். குதிரை வண்டிகள் நிற்கிற இடத்தில் அவர் இருந்தார். குதிரைக்குப் புல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொந்த மாடு ஓட்டினவர் ஊரான் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புத் துண்டுதான் தலையில், ஓரம் கிழிந்தே இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யாராவது கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்த ஒரு கோட்டை நீங்க எடுக்கல. எங்க அண்ணன் எண்ணினது தப்பு. லாபம் சொல்லிட்டு மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சான். கோட்டைக்கு இருபத்திரண்டு மரக்கா விழுந்துட்டு. எங்க அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பதறுவார், எங்கள் அப்பாவைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் புல்லைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"மொத கோட்டையிலயே தெரியும். ரெண்டாவது மரக்காலுக்கு தம்பி ஒண்ணுன்னு சொல்லிச்சுல்லா, அப்பவே."

"பெறவு ஏன் சொல்லல?"

"வாய மூடிக்கிட்டு அளன்னு சொன்னாவ. முடிஞ்ச பெறவு சொன்னா, களவாண்டவன் சின்னப் பிள்ள மேல பழியப் போடுதான்னு சொல்லுவாவ."

அதுவும் சரிதான். அவர் என்னைப் பார்க்காமல், மாட்டிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நீ அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னேல்லா. உன் வாயி அசையுதத பாத்தேன். லாபம், ரெண்டு, மூணுன்னு நீ சரியாத்தான் எண்ணிக்கிட்டு நின்ன. அதப் பாத்துக்கிட்டேதான் அத்தனை நெல்லையும் அளந்தேன். பாப்பாவுக்குத் தெரியும், பாப்பா எப்படியும் சொல்லிரும்னு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஈரத்தோட நிக்காத, உங்க வீட்டுல தேடுவாவ" என்று சொல்லிவிட்டு, சவாரிக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

அதுவரைக்கும் நான் கோபத்தைக் கணக்குப் பண்ணித்தான் வைத்திருந்தேன். அப்பா, அண்ணன், எதிர் வீட்டுப் பெரியவர், மூன்று பேர். தென்காசிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பர்லாங்கு கல் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் எண்ணினேன். இந்தத் தடவை என்னிலிருந்து ஆரம்பித்தேன்.